சுருதி மாறினாலும் மாறாத எண்கள்: கார்டுகளுக்கு ரோமன் எண் போடுவது எப்படி?

சி, ஏ மைனர், எஃப், ஜி. பாட்டு வரிகளுக்கு மேலே இந்த நான்கு கார்டுகளையும் அழகாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒத்திகைக்கு வந்த பாடகி முதல் வரியைப் பாடிப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கீழே இருக்குங்க, அஞ்சு கட்டையில வச்சுக்கலாமா?" என்கிறார். அவ்வளவுதான். தாளில் இருக்கும் நான்கு பெயர்களும் அந்த நொடியிலிருந்து செல்லாது. ஐந்து கட்டை என்றால் ஜி. இனி ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசிக்க வேண்டும்.

சமூக மன்ற மேடையிலும் தமிழ்த் தேவாலயப் பாடகர் குழுவிலும் கீபோர்ட் வாசிக்கிற பலர் இந்த இடத்தில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். கை பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் ஐந்து கட்டையில் வரும். கிட்டார்காரர் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போ கிளிப்பை மாட்டிக்கொள்வார். பாவம் பேஸ் கிட்டார்காரர்தான். "அடுத்தது என்ன கார்ட்?" என்று கேட்டால் கீபோர்ட்காரர் தன் கையைப் பார்த்து "எஃப்" என்பார். ஆனால் ஸ்பீக்கரில் வருவது சி. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், பாட்டு மட்டும் ஒட்டாது.

கீபோர்ட்காரர் "எஃப்" என்பதற்குப் பதிலாக "ஃபோர்" என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அந்த "ஃபோர்" எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புத்தகங்களில் அதை Ⅳ என்று ரோமன் எண்ணில் எழுதுவார்கள்.

'ச' எங்கே இருக்கிறதோ, அதுதான் ஒன்று

கர்நாடக இசை கொஞ்சம் கற்றவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. 'ச' என்பது எந்தக் குறிப்பிட்ட சத்தமும் இல்லை. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்தால் பியானோவின் சி அங்கே 'ச' ஆகிறது. நாலு கட்டையில் வைத்தால் எஃப், ஐந்தில் ஜி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டைப் பக்கமும், பெண்கள் ஐந்து, ஆறு பக்கமும் பாடுவார்கள். ஆனால் வகுப்பில் எல்லோரும் பாடுவது அதே ச ரி க ம ப த நி. பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப மொத்த ஏணியும் மேலே ஏறும், கீழே இறங்கும். படிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறாது.

ரோமன் எண்கள் செய்வதும் இதைத்தான். ஒரே வித்தியாசம், இங்கே எண் போடுவது ஒற்றைச் சுரத்துக்கு இல்லை. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுக்கு.

மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே சுரங்களைக் கொண்டவை. 29ஆவது மேளகர்த்தா. கமகம், பிடி, சஞ்சாரம் எல்லாம் தனிக் கதை. இப்போதைக்கு ஏழு சுரத்தானங்கள் போதும். அந்த ஏழில் ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுத்தால் ஒரு கார்ட் கிடைக்கிறது. 'ச'விலிருந்து தொடங்கினால் ச, க, ப. அது Ⅰ. 'ரி'யிலிருந்து ரி, ம, த. அது ⅱ. இப்படியே போனால்:

Ⅰ : ச க ப
ⅱ : ரி ம த
ⅲ : க ப நி
Ⅳ : ம த ச
Ⅴ : ப நி ரி
ⅵ : த ச க
ⅶ° : நி ரி ம

சில எண்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன, சில சின்ன எழுத்தில். அது அச்சுப் பிழை அல்ல. பெரிய எழுத்து மேஜர் கார்ட், சின்ன எழுத்து மைனர் கார்ட். ஏன் சில கார்டுகள் மேஜராகவும் சில மைனராகவும் வந்து விழுகின்றன என்பதைக் கீபோர்டில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். சி-யிலிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் ஈ-க்கு நான்கு அரைப்படி (ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போவது ஒரு அரைப்படி), அங்கிருந்து ஜி-க்கு மூன்று. நான்கும் மூன்றும் சேர்ந்தால் மேஜர். டி-யிலிருந்து எஃபுக்கு மூன்று, எஃபிலிருந்து ஏ-க்கு நான்கு. மூன்றும் நான்குமாக வரிசை மாறினால் மைனர். ஏழாவது கார்டில் மட்டும் மூன்றும் மூன்றும். அதுதான் டிமினிஷ்ட். அதற்குச் சின்ன எழுத்தோடு பக்கத்தில் ஒரு குட்டி வட்டமும் போடுவார்கள்.

ஆகவே எந்த மேஜர் சுருதியை எடுத்தாலும் 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்ட். இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் வாசிக்க வாசிக்க வந்துவிடும்.

பெயர் ஒன்று, முறை வேறு

நம் குடும்பங்களில் ஒரே ஆள் ஒரு வீட்டுக்கு அண்ணன், அடுத்த வீட்டுக்கு மாமா, இன்னொரு வீட்டுக்குச் சித்தப்பா. பெயர் மாறுவதில்லை, யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து முறை மாறுகிறது. எஃப் மேஜர் கார்டும் அப்படித்தான். சி சுருதியில் அது Ⅳ. எஃப் சுருதியில் அதுவே Ⅰ. பி ஃபிளாட்டுக்குப் போனால் Ⅴ. விரல்கள் அமுக்குவது அதே எஃப், ஏ, சி கட்டைகளைத்தான். ஆனால் பாட்டில் அது செய்யும் வேலை மூன்று இடங்களிலும் வேறு வேறு.

இதற்கு நம் ஊரிலேயே எல்லோரும் கேட்ட உதாரணம் ஒன்று உண்டு. ஜூபிர் சைட் 1958இல் இசையமைத்த, நம் தேசிய கீதமான மஜுலா சிங்கப்பூரா பல ஆண்டுகள் ஜி மேஜரில் இசைக்கப்பட்டது. 2001இல் புன் யூ தியென் இசைக்கோர்வையில் அதிகாரபூர்வமான புதிய வடிவம் வந்தபோது அது எஃப் மேஜருக்கு மாறியது. நம் கணக்கில் ஐந்து கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு. பழைய தாளில் ஜி, சி, டி என்று கார்ட் எழுதி வைத்திருந்த ஒருவர் அதை எஃப், பி ஃபிளாட், சி என்று திருத்த வேண்டியிருந்திருக்கும். Ⅰ, Ⅳ, Ⅴ என்று எழுதி வைத்திருந்தவர் தாளின் மூலையில் சுருதியின் பெயரை மட்டும் அடித்து எழுதினால் போதும்.

Ⅴ ஏன் Ⅰ-ஐத் தேடிப் போகிறது?

எண் போடுவது வெறும் குறுக்கு வழி என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்தவுடன் அந்தக் கார்ட் எங்கே போகத் துடிக்கிறது என்பதும் தெரிகிறது. இதன் உண்மையான பயன் அதுதான் என்பேன்.

கீபோர்டில் இடது கையால் கீழ் ஜி-யை அமுக்குங்கள். வலது கையில் பி, டி, எஃப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். ஜி கார்டோடு ஜி-யிலிருந்து ஏழாவது சுரமான எஃபும் சேர்ந்த இது ஜி செவன்த், எண்ணில் Ⅴ⁷. அமுக்கியபடி அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேளுங்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டதுபோல் இருக்கும். இப்போது வலது கையில் பி-யை அடுத்துள்ள சி-க்கு ஏற்றுங்கள், எஃபை அடுத்துள்ள ஈ-க்கு இறக்குங்கள், டி-யும் சி-யில் சேரட்டும். இடது கை சி-க்குப் போகட்டும். வந்து சேர்ந்துவிட்டோம் என்ற உணர்வு வரும்.

நடந்தது என்ன? சுரமாகச் சொன்னால் 'நி' அரைப்படி ஏறி 'ச'வில் சேர்ந்தது, 'ம' அரைப்படி இறங்கி 'க'வில் உட்கார்ந்தது. காகலி நிஷாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடகர் நின்றால் கேட்கிறவர்கள் 'ச'வை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்களே, அதே ஈர்ப்புதான். Ⅴ⁷ கார்டுக்குள் அந்த 'நி'யும், அதோடு ஒட்டாமல் உரசும் 'ம'வும் சேர்ந்தே இருப்பதால் இழுப்பு இரட்டிப்பாகிறது.

Ⅳ அப்படி இழுக்காது. அது வீட்டை விட்டுக் கொஞ்ச தூரம் வெளியே வந்த மாதிரி. அங்கிருந்து Ⅴ-க்கும் போகலாம், பேசாமல் Ⅰ-க்கே திரும்பியும் விடலாம். தேவாலயத்தில் கீர்த்தனை முடிந்து 'ஆ…மென்' என்று இழுக்கும்போது கேட்பது இந்த Ⅳ–Ⅰ நடைதான். 'ச' இரண்டு கார்டிலும் பொது என்பதால் அது அசையாமல் நிற்கிறது. 'ம' 'க'வுக்கும் 'த' 'ப'வுக்கும் மெல்ல இறங்குகின்றன. அதனால்தான் அந்த முடிவில் ஒரு சாந்தம்.

ⅵ கொஞ்சம் குறும்புக்காரக் கார்ட். த, ச, க. இதில் இரண்டு சுரங்கள் Ⅰ-இலும் உண்டு. அதனால் Ⅴ வந்து எல்லோரும் Ⅰ-ஐ எதிர்பார்த்திருக்கும்போது ⅵ-ஐ வைத்தால் வந்து சேர்ந்த மாதிரியும் இருக்கும், சேராத மாதிரியும் இருக்கும். பல்லவியைக் கடைசியாக ஒருமுறை கூடுதலாகப் பாட வைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

ⅱ பெரும்பாலும் Ⅳ செய்கிற வேலையையே செய்யும், Ⅴ-க்கு முன்னால் வந்து நிற்கும். ⅲ, ⅶ° இரண்டும் மெல்லிசையில் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. முதல் சில மாதங்களுக்கு அவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பிறந்தநாள் பாட்டில் பரிசோதனை

எந்தச் சுருதியில் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாத பாட்டு ஒன்று உண்டென்றால் அது பிறந்தநாள் பாட்டுதான். புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, கேக்கில் மெழுகுவத்தி ஏற்றியதும் யாரோ ஒரு அத்தை தனக்கு வாகான இடத்தில் ஆரம்பித்துவிடுவார். கீபோர்டோ கிட்டாரோ வைத்திருப்பவர் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும்.

அந்த மெட்டைச் சுரப்படுத்திப் பாருங்கள். முதல் வரி ப ப த ப ச நி. இரண்டாம் வரி ப ப த ப ரி ச. முதல் சுரம் 'ச' இல்லை, கீழ் 'ப'. புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அத்தை தொடங்கிய சத்தத்தையே Ⅰ என்று எடுத்துக்கொண்டால் "யூ" வரும் இடத்திலேயே மானம் போய்விடும். தொடங்கிய சுரம் 'ப' என்பதால் அதன் மேல் கட்டும் மேஜர் கார்ட்தான் Ⅴ. அதிலிருந்து எல்லாக் கட்டைகளையும் சேர்த்து ஐந்து அரைப்படி மேலே எண்ணினால் 'ச', அதாவது Ⅰ கிடைக்கும். அத்தை ஏ-இல் ஆரம்பித்தாரா? அப்படியானால் Ⅰ டி மேஜர், Ⅴ ஏ மேஜர், Ⅳ ஜி மேஜர். வேலை முடிந்தது.

இப்போது கார்டுகளை வைப்போம். முதல் வரி Ⅰ-இல் நகர்ந்து, கடைசி "யூ"வில் Ⅴ-க்குப் போகும். அந்த "யூ" விழும் சுரம் 'நி'. 'நி' எந்தக் கார்டில் இருக்கிறது? ப, நி, ரி. அதனால்தான் அங்கே Ⅴ. இரண்டாம் வரி Ⅴ-இலேயே ஓடி "யூ"வில் Ⅰ-க்கு வந்து சேரும். மூன்றாம் வரியில் குரல் மேல் 'ப'வுக்குத் தாவும்போது Ⅰ. பிறந்தநாள்காரரின் பெயர் வரும் இடத்தில் மெட்டு 'நி'யைத் தொட்டு 'த'வில் இறங்குகிறது. அங்கே ம, த, ச என்கிற Ⅳ. கடைசி வரியின் முதல் சொல் அந்த Ⅳ-இன் மேலேயே, பிறகு Ⅰ, "டு" என்ற அசையில் Ⅴ, முடிவில் Ⅰ.

மூன்றே கார்டுகள். ஒருமுறை எண்ணாகப் பதிந்துவிட்டால் அத்தை எந்த இடத்தில் ஆரம்பித்தாலும் பயமில்லை. கார்ட் பெயராக மனப்பாடம் செய்தால் பன்னிரண்டு சுருதிக்கும் பன்னிரண்டு பட்டியல் வேண்டும்.

இந்த வழக்கம் வந்த வழி

கார்டை அதன் அடிச்சுரத்தைக் கொண்டு அடையாளம் காணும் சிந்தனைக்குப் பிரான்ஸின் ராமோ 1722இல் வெளியிட்ட நூல் பெரிய உந்துதல். சுரங்களை மேல்கீழாக மாற்றி அடுக்கினாலும் கார்ட் அதேதான் என்பது அவர் வாதம். ஸ்கேலின் படிகளுக்கு ரோமன் எண் போடும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபோக்லர் என்ற ஜெர்மானிய இசையறிஞரிடம் தொடங்குகிறது. அதைப் பரவலாக்கியவர் காட்ஃபிரீட் வேபர். 1817க்கும் 1821க்கும் இடையே வெளிவந்த தன் நூலில் மேஜருக்குப் பெரிய எழுத்து, மைனருக்குச் சிறிய எழுத்து, டிமினிஷ்டுக்கு வட்டம் என்ற முறையைக் கையாண்டவர் அவர். சாதாரண 1, 2, 3 அப்போதே வேறு வேலையில் இருந்தது. பேஸ் சுரத்துக்கு மேல் எத்தனையாவது சுரத்தை வாசிக்க வேண்டும் என்று காட்ட அந்த எண்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் நீல் மேத்யூஸ் என்ற பாடகர் இதே யோசனையைச் சாதாரண எண்களில் எழுத ஆரம்பித்தார். சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். நம் பக்கத் தேவாலய இசைக்குழுக்களில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் நான்கு விரலைக் காட்டினால் எல்லோரும் Ⅳ-க்குத் தாவுகிறார்களே, அதன் பின்னால் இருப்பதும் இந்த எண்கணக்குதான்.

பிள்ளைகளின் பரீட்சைத் தாளில்

வீட்டில் பிள்ளைகள் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்றால் இந்த எண்களைத் தவிர்க்கவே முடியாது. ஆறாம் கிரேடு பியானோ எழுத வேண்டுமானால் அதற்கு முன் பெரும்பாலோர் தேறுவது ஐந்தாம் கிரேடு தியரி. அங்கே Ⅰ, Ⅱ, Ⅳ, Ⅴ கார்டுகளை அடையாளம் காணச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரிட்டிஷ் வழிப் பயிற்சிப் புத்தகங்கள் பலவற்றில் மேஜர், மைனர் என்று பார்க்காமல் எல்லா எண்ணையும் பெரிய எழுத்தில்தான் போடுவார்கள். இரண்டாவது கார்ட் மைனர்தான் என்பது படிப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இணையத்தில் ⅱ என்று பார்த்த பிள்ளை புத்தகத்தில் Ⅱ என்று பார்த்துக் குழம்பினால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பிடித்தது சின்ன எழுத்து முறை. பார்த்தவுடன் தெரிய வேண்டியதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று குட்டி எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்தப் புத்தகங்களின் வழக்கம். இவை கார்டின் பெயர்கள் அல்ல, கார்டின் எந்தச் சுரம் அடியில் இருக்கிறது என்று சொல்பவை. Ⅰ-இல் 'ச' அடியில் இருந்தால் ஏ, 'க' அடியில் இருந்தால் பி, 'ப' அடியில் இருந்தால் சி. அமெரிக்க வழிப் புத்தகங்களில் இதையே Ⅰ, Ⅰ⁶, Ⅰ⁶₄ என்று எழுதுவார்கள். 'க' அடியில் இருக்கும்போது அதிலிருந்து எண்ணினால் மேல் 'ச' ஆறாவது சுரம், அதனால் 6. 'ப' அடியில் இருந்தால் 'ச' நான்காவது, 'க' ஆறாவது. அதனால் 6-உம் 4-உம்.

மைனர் சுருதிக்கு வந்தால்

இயல்பான மைனர் ஸ்கேல் நம் நடபைரவி, 20ஆவது மேளம். அதிலிருந்து கார்ட் கட்டினால் ⅰ, ⅱ°, Ⅲ, ⅳ, ⅴ, Ⅵ, Ⅶ என்று வரிசை மாறிவிடும். இதில் ஐந்தாவது கார்ட் மைனர். ஏ மைனரில் அது ஈ, ஜி, பி. அதை வாசித்துவிட்டு ⅰ-க்கு வந்து பாருங்கள், அந்த இழுப்பு இருக்காது. காரணம் நிஷாதம் 'ச'வுக்கு ஒரு முழுப் படி கீழே தள்ளி நிற்கிறது. ஜி-யை ஜி ஷார்ப்பாக ஏற்றினால் கார்ட் ஈ மேஜர் ஆகிறது, இழுப்பு திரும்ப வந்துவிடுகிறது. நிஷாதத்தை இப்படி ஏற்றியதும் நடபைரவி அடுத்த மேளமான கீரவாணி ஆகிவிடுகிறது. மேற்கே அதற்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர். மைனர் பாட்டுகளில் ⅴ-க்குப் பதில் பெரும்பாலும் Ⅴ எழுதப்பட்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லா ராகத்திலும் இப்படிச் சுலபமாகக் கார்ட் கட்டிவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டு வகுப்பில் முதல் நாளே பாடும் மாயாமாளவகௌளையை எடுங்கள். அதில் ரிஷபம் சுத்தம், அதாவது 'ச'வுக்கு அரைப்படிதான் மேலே. ப, நி, ரி என்று அடுக்கினால் ஒரு கட்டைச் சுருதியில் ஜி, பி, டி ஃபிளாட். நான்கு அரைப்படி, பிறகு இரண்டே அரைப்படி. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, வழக்கமான டிமினிஷ்ட்கூட இல்லை. Ⅴ–Ⅰ என்ற தூணே அங்கே ஆட்டம் காண்கிறது. அந்த ராகத்தில் மெட்டுப் போட்டுவிட்டு வலுக்கட்டாயமாக ஜி மேஜரைத் திணித்தால் ராகம் வாடிப்போகும். அந்த இடத்தில் தம்பூரா மாதிரி ச, ப மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதே மரியாதை.

வெளியிலிருந்து வரும் விருந்தாளி

சி சுருதியில் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது, ஜி-க்குச் சற்று முன்னால் திடீரென்று டி மேஜர் வரும். பட்டியலைப் பார்த்தால் இரண்டாவது கார்ட் மைனராகத்தானே இருக்க வேண்டும்? டி மேஜரில் எஃப் ஷார்ப் இருக்கிறது. சி-யை 'ச'வாக வைத்தால் அது பிரதி மத்யமம், அரைப்படி ஏறிய 'ம'. சங்கராபரணத்துக்குள் ஒரு கணம் கல்யாணி எட்டிப் பார்க்கிறது.

அது வந்த காரணம் சுலபம். எஃப் ஷார்ப் ஜி-க்கு அரைப்படி கீழே நிற்கிறது. 'நி' 'ச'வை இழுத்ததுபோல இது ஜி-யை இழுக்கிறது. ஒரு நிமிடம் ஜி-யைத் தற்காலிக 'ச' என்று பாவித்தால் டி அதன் Ⅴ. அதனால் இதை Ⅴ/Ⅴ என்று எழுதி "ஐந்தின் ஐந்து" என்று படிப்பார்கள். இதே மாதிரி ⅵ-க்கு முன்னால் வரும் அதன் ஐந்தை Ⅴ/ⅵ என்பார்கள். சி சுருதியில் அது ஈ மேஜர். ஏ மைனருக்கு அழைத்துப் போகும் ஈ மேஜர்.

இன்னொரு அடையாளமும் பார்ப்பீர்கள், ♭Ⅶ. சி சுருதியில் இது பி ஃபிளாட் மேஜர். ஏழாவது படியை அரைப்படி இறக்கி அதன் மேல் கட்டிய கார்ட். ராக் பாட்டுகளில் இது சர்வ சாதாரணம். சிலர் மைனர் சுருதியிலும் Ⅲ, Ⅵ, Ⅶ என்பவற்றை ♭Ⅲ, ♭Ⅵ, ♭Ⅶ என்றே எழுதுவார்கள், மேஜர் ஸ்கேலோடு ஒப்பிட்டு. இரண்டு வழக்கமும் புழக்கத்தில் இருப்பதால் ஒரு தாளைக் கையில் எடுத்ததும் எழுதியவர் எந்தப் பள்ளி என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

கையில் இருக்கும் ஏதாவது ஒரு பாட்டுத் தாளை எடுங்கள். முதலில் சுருதி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு எந்தக் கார்டில் போய் முழு நிம்மதியோடு நிற்கிறதோ அதுதான் பெரும்பாலும் Ⅰ. முதல் கார்டை நம்ப வேண்டாம், பாட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கும். பிறகு ஒவ்வொரு கார்டின் அடிச்சுரமும் அந்தச் சுருதியில் எத்தனையாவது என்று எண்ணிப் போட்டுக்கொண்டே போகலாம்.

பழகுவதற்கு ஒரு வரிசை: ஜி, ஈ மைனர், ஏ மைனர், டி செவன்த், ஜி. சுருதி ஜி என்றால் இது Ⅰ, ⅵ, ⅱ, Ⅴ⁷, Ⅰ. இதையே நாலு கட்டைக்கு இறக்கச் சொன்னால் எஃப், டி மைனர், ஜி மைனர், சி செவன்த், எஃப். தாளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மனசில் வைத்து இரண்டு சுருதியிலும் மாறி மாறி வாசித்துப் பழகுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தான் பக்கம் கை போகக் கூடாது.

கொஞ்சம் கடினமான இன்னொரு வரிசை: எஃப், டி மைனர், ஜி மேஜர், சி. எஃபில் தொடங்குவதால் அதை Ⅰ என்று வைத்தால் ஜி மேஜர் இடிக்கும், எஃப் சுருதியில் இரண்டாவது கார்ட் மைனராயிற்றே. இதற்கு விடை இரண்டு. பாட்டு சி-யிலேயே அமைதியாக நின்றுவிட்டால் சுருதி சி, எண்கள் Ⅳ, ⅱ, Ⅴ, Ⅰ. சி-யில் நிற்காமல் மறுபடி எஃபுக்கே திரும்பிப் போய் அங்கே உட்கார்ந்தால் சுருதி எஃப், எண்கள் Ⅰ, ⅵ, Ⅴ/Ⅴ, Ⅴ. எது சரி என்பதை அடுத்த வரியை வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.